கெமர் மரபிசையைச் சிறுவர்களுக்குக் கற்பிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். மரநிழலில், கண்ணிவெடியில் கையோ காலோ இழந்த சிலர் தாழ்வான மேடையில் உட்கார்ந்து மரபிசை வாசித்துக்கொண்டிருப்பார்கள். கம்போடிய இசையைப் பற்றி நம் செய்திகளில் வருவதும் பெரும்பாலும் இரண்டே விஷயங்கள்தான்: 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் கம்யூனிஸ்ட் ஆட்சியில் கலைஞர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மாண்டார்கள், இப்போது பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கலையை மீட்டெடுக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை யாரும் விளக்குவதில்லை. கருவி செய்பவர்கள் இருக்கிறார்கள், பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, உதவி செய்யும் தொண்டு நிறுவனங்களும் உண்டு. அப்படியிருக்க, எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த இசையை அறிமுகப்படுத்துவதில் என்ன சிரமம்? சிரமம் இந்த இசை கட்டப்பட்டிருக்கும் விதத்திலேயே இருக்கிறது. அது புரிந்தால்தான் எந்த வகுப்பு பிள்ளைக்குப் பயன்படும், எது புகைப்படத்துக்கு மட்டும் பயன்படும் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

எது கெமர் மரபிசை?

கெமர் என்பது கம்போடியாவின் பெரும்பான்மை மக்களையும் அவர்களுடைய மொழியையும் குறிக்கும் பெயர். அவர்களின் மரபிசை ஒரே வகை அல்ல. சடங்கையும் இடத்தையும் பொறுத்துக் கருவிக்குழு மாறும்.

1. பின்பியத்: அரசவைக்கும் புத்த விகாரைக்கும் உரிய குழு. அரசவை நடனம், ஸ்பெக் தோம் என்னும் பெரிய தோல்பாவைக் கூத்து, முகமூடி நாடகம் எல்லாவற்றுக்கும் இதுதான் இசைக்கும். ராமாயணத்தின் கெமர் வடிவமான ரியம்கேர் மேடையேறும்போது நாம் கேட்பது பின்பியத்தைத்தான்.
2. கார்: திருமண இசை. மணமக்களின் முடி வெட்டும் சடங்கு, கையில் நூல் கட்டும் சடங்கு என ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டு உண்டு.
3. அரேக்: ஆவிகளை அழைக்கும், நோய் தீர்க்கும் சடங்குகளின் இசை. கெமர் இசையின் மிகப் பழைய அடுக்கு இதுவே என்று பலர் கருதுகிறார்கள்.
4. மொஹோரி: விருந்துக்கும் பொழுதுபோக்குக்கும் உரியது. நரம்புக் கருவிகளும் புல்லாங்குழலும் சேர்ந்த மென்மையான குழு.
5. இவை தவிர, ஊர்வலங்களில் நீள முரசுகளோடு கோமாளி முகமூடி போட்டு ஆடும் சாயாம். ஆணும் பெண்ணும் எதிர்ப்பாட்டு பாடும் ஆயாய். இறப்புச் சடங்குகளில் புத்த சமயச் செய்யுள்களை இழுத்துப் பாடும் ஸ்மோட். நீளக் கழுத்துடைய சபேய் டோங் வேங் என்ற நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டே கதை சொல்லும் கலை.

சபேய் கலை 2016இல் யுனெஸ்கோவின் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பெரும் முகமாக இருந்த கோங் நாய், சிறுவயதில் அம்மை நோயால் பார்வை இழந்தவர். 2024 ஜூனில் காலமானார். அவர் மறைவையொட்டி வந்த செய்திகள்தாம் வெளிநாட்டு வாசகர் பலருக்கு இந்த இசையின் முதல் அறிமுகம்.

பின்பியத்தில் என்ன இருக்கிறது?

எல்லாக் குழுவையும் விவரிக்க இடமில்லை. பள்ளி வகுப்புகளில் அதிகம் பேசப்படுவது பின்பியத் என்பதால் அதை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கண்ணில் முதலில் படுவது ரொநியத் ஏக். படகு வடிவப் பெட்டியின் மேல் 21 மூங்கில் அல்லது மரக் கட்டைகள் கயிற்றில் கோத்துத் தொங்கும். வாசிப்பவர் இரண்டு கோல்களால் ஒரே ஸ்வரத்தை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் சேர்த்தே அடிப்பார். கட்டையின் அடியில் ஈயமும் மெழுகும் கலந்த உருண்டையை ஒட்டிச் சுருதியைச் சரிசெய்வார்கள். இதன் தாழ்ந்த குரல் இணை, 16 கட்டைகள் கொண்ட ரொநியத் துங்.

அடுத்து கோங் வோங். பிரம்பு வளையத்தைச் சுற்றிக் குமிழ் வைத்த வெண்கலக் கிண்ணங்கள் படுத்திருக்க, வாசிப்பவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். பெரியது கோங் வோங் தோம், சிறியது கோங் வோங் தோச். பொதுவாக ஒவ்வொன்றிலும் 16 கிண்ணங்கள்.

ஊதும் கருவி ஸ்ரலை. நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் குரல் உடனே நெருக்கமாகப் படும். நம் சீவாளியைப் போலவே இதற்கும் வாய்ப்பகுதி உண்டு. பனையோலையில் வெட்டிய நான்கு நாக்குகளைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். மூச்சு விடாமல் சுழற்றி ஊத வேண்டும்.

தாளப் பக்கத்தில் மூன்று. கையால் வாசிக்கும் இருமுக முழவு சம்போ, கோலால் அடிக்கும் பெரிய முரசு ஜோடி ஸ்கோர் தோம், ஜால்ரா போன்ற கையடக்கமான ஜோடி ச்சிங். குழுவை வழிநடத்துவது சம்போ. எல்லாக் கருவியிலும் புனிதமானதாக மதிக்கப்படுவதும் அதுதான்.

அங்கோர் வாட், பயோன் கோயில்களின் புடைப்புச் சிற்பங்களில் முரசும் சங்கும் வளைந்த யாழும் காணக் கிடைக்கின்றன. அந்த வில் வடிவ யாழ் நம் சங்கப் பாடல்கள் சொல்லும் யாழின் உறவு. அங்கேயும் அது வழக்கிலிருந்து மறைந்துபோனது. பத்ரிக் கெர்சாலே என்ற பிரெஞ்சு இசை ஆய்வாளர் சிற்பங்களைப் பார்த்து அதை மறுபடி உருவாக்கச் செய்தார். உருவம் திரும்பிவிட்டது, அதில் அன்று வாசிக்கப்பட்ட மெட்டுகள் திரும்பவில்லை. கருவி கையில் இருப்பதும் இசை இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த இசை எப்படி இயங்குகிறது?

கற்பித்தலின் எல்லாச் சிக்கல்களும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

1. சுருதி. பியானோவில் ஒரு ஸ்தாயி 12 சம பாகங்களாகப் பிரிந்திருக்கும். கெமர் இசையில் ஸ்தாயிக்கு ஏழு ஸ்வரங்கள், அவற்றின் இடைவெளிகள் கிட்டத்தட்டச் சமமானவை. மெட்டுகள் பெரும்பாலும் அதில் ஐந்தை மட்டும் முதன்மையாகப் பயன்படுத்தும். ஒரு குழுவின் சுருதி இன்னொரு குழுவோடு முழுதும் பொருந்தாது. அதைப் பிழையாக யாரும் நினைப்பதில்லை. ஆகவே கீபோர்டை வைத்துக்கொண்டு கெமர் மெட்டைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளையின் காதில் முதல் நாளே வேறு ஸ்வரங்கள் படிகின்றன.

2. தாளம். ச்சிங்கில் இரண்டே ஓசை. விளிம்பு தட்டித் திறந்து ஒலித்தால் ச்சிங். இரண்டையும் அழுத்தி மூடினால் ச்செப். இந்த இரண்டும் மாறி மாறி வரும், அழுத்தம் விழுவது ச்செப்பின் மேல். அதாவது கனமான அடி சுற்றின் முடிவில் வருகிறது. கர்நாடக இசையில் ஆவர்த்தனம் என்னும் தாளச் சுற்று, சமம் என்னும் முதல் அடியில் தொடங்குகிறது, பாப் பாட்டில் "ஒன்று" என்பதில் கால் தட்டுகிறோம். அந்தப் பழக்கத்தோடு கெமர் இசையைக் கேட்கும் பிள்ளைக்கு எல்லாமே ஓர் அடி தள்ளி நடப்பதாகத் தோன்றும். மெட்டு முடிவை நோக்கி நடக்கிறது என்று காது பழகிய பிறகே அது இயல்பாகும். ச்சிங் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதைப் பொறுத்து மூன்று நிலைகள் உண்டு. நம் மூன்று காலங்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும்.

3. யாருமே வாசிக்காத மெட்டு. மிக முக்கியமான புள்ளி இதுதான். ரொநியத் ஒரு மாதிரி வாசிக்கும், கோங் வோங் வேறு மாதிரி, ஸ்ரலை இன்னும் வேறு மாதிரி. எல்லாம் ஒரே மெட்டின் வடிவங்கள். ஆனால் "இதுதான் மூல மெட்டு" என்று சொல்லும்படி எந்த ஒரு கருவியும் அதை முழுதாக வாசிப்பதில்லை. மெட்டு வாசிப்பவர்களின் மனதில் இருக்கிறது. ஒரே ஊருக்குக் கிளம்பிய நான்கு பேரில் ஒருவர் வரப்பில் நடந்து, ஒருவர் சைக்கிளில், ஒருவர் வண்டியில், ஒருவர் குறுக்குப் பாதையில் போனாலும், குறித்த சாவடிகளில் எல்லோரும் சேர்ந்துவிடுவதைப் போன்றது இது. அந்தச் சாவடிகள்தாம் ச்செப் விழும் இடங்கள். கெமர் இசை ஆய்வாளரும் கலைஞருமான சாம் ஆங் சாம் இதைக் குழுவின் கூட்டு மெட்டு என்று விளக்கியிருக்கிறார்.

4. எழுத்தில்லாமை. மரபாக இதற்கு ஸ்வரக் குறிப்பு கிடையாது. ஆசிரியர் வாசிப்பார், மாணவர் பார்த்து, கேட்டு, திருப்பி வாசிப்பார். இருபதாம் நூற்றாண்டில் மேலைக் குறியீட்டில் எழுதி வைத்தவை உண்டு. ஆனால் எழுத்தில் ஏறுவது ஒரு நாள் ஒருவர் வாசித்த ஒரு வடிவம் மட்டுமே. மூன்றாம் புள்ளியில் சொன்ன கூட்டு மெட்டு தாளில் ஏறாது.

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வரலாம். பதிவைப் போட்டுக் கேட்டு ஒரு பிள்ளை ரொநியத் பகுதியை அப்படியே மனப்பாடம் செய்துவிடலாம். அதனால் அவளுக்குப் பாட்டு தெரிந்துவிடாது. வேகம் மாறினாலோ, பக்கத்தில் ஸ்ரலைக்காரர் வேறு திருப்பம் எடுத்தாலோ தடுமாறிவிடுவாள். மெட்டை மனதில் வைத்துக்கொண்டு தன் கருவியில் அதற்கு உரு கொடுக்கத் தெரிந்த மூத்த கலைஞர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த மூத்தவர்கள் எங்கே என்பது அடுத்த கேள்வி.

நான்கு ஆண்டுகள் அறுத்தது என்ன?

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. நகரத்து மக்கள் அனைவரும் வயல்களுக்கு விரட்டப்பட்டார்கள். அரசவையோடும் விகாரையோடும் தொடர்புள்ள எதுவும் பகையாகக் கருதப்பட்டது. பின்பியத் இரண்டோடும் தொடர்புடையது. திருமணச் சடங்குகளும் ஒழிக்கப்பட்டதால் கார் இசைக்கும் இடமில்லை. 1979 ஜனவரி 7 அன்று அந்த ஆட்சி வீழ்வதற்குள் சுமார் 17 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் கொலையாலும் இறந்தார்கள். கலைஞர்களில் 90 விழுக்காடு என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அந்த ஆட்சி இசையை முழுக்கத் தடை செய்தது என்று எண்ணிவிடக் கூடாது. புரட்சிப் பாட்டுக்கு அதற்கு இசை தேவைப்பட்டது. அதிலும் சிறுவர்கள் தேவைப்பட்டார்கள். ஆர்ன் சோர்ன் பொண்ட் என்ற சிறுவனைப் பட்டம்பாங் பகுதியில் ஒரு விகாரையில் அடைத்து, புல்லாங்குழல் கற்று வாசிக்க வைத்தார்கள். வாசித்ததால் உயிர் தப்பியவர் அவர். பின்னாளில் அமெரிக்காவிலிருந்து திரும்பி, எஞ்சியிருந்த மூத்த கலைஞர்களைத் தேடிப்பிடித்து மாணவர்களோடு சேர்க்கும் முயற்சியை 1998இல் தொடங்கினார். அதுவே இன்று கம்போடியன் லிவிங் ஆர்ட்ஸ் என்ற நிறுவனம்.

1980இல் புனோம் பென் நுண்கலைப் பள்ளி மறுபடி திறந்தது. தப்பிப் பிழைத்தவர்கள் ஒன்றுகூடி, ஒருவருக்கு நினைவிருந்த பகுதியோடு இன்னொருவருக்கு நினைவிருந்ததைச் சேர்த்துப் பாடல்களை மீட்டார்கள். தாய்லாந்து எல்லை அகதி முகாம்களிலும் பிள்ளைகளுக்கு நடனமும் இசையும் சொல்லிக்கொடுத்தார்கள். சைட் 2 முகாமில் ஓவியம் கற்ற இளைஞர்கள் நாடு திரும்பி 1994இல் பட்டம்பாங்கில் தொடங்கிய ஃபாரே பொன்லூ செல்பாக் இன்று இசையும் கற்பிக்கும் பெரிய கலைப்பள்ளி. அதே 1994இல் தலைநகரின் தேசிய அரங்கம் தீயில் எரிந்தது, திரும்பக் கட்டப்படவில்லை.

சரி, பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

அறிமுக வகுப்பு என்றாலே ஒரு கருவியைக் கொண்டுவந்து காட்டி, பெயர் சொல்லி, ஆளுக்கு இரண்டு தட்டு தட்டச் சொல்வது வழக்கம். பிள்ளைகள் மகிழ்வார்கள், உண்மை. ஆனால் மேலே பார்த்த நான்கு புள்ளிகளில் ஒன்றுகூட அவர்கள் காதில் ஏறியிருக்காது. கீழே உள்ள வரிசை அந்தப் புள்ளிகளிலிருந்து நான் வகுத்தது.

1. விளையாட்டுப் பாட்டு. ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் புத்தாண்டு நாட்களிலேயே வரும் கெமர் புத்தாண்டில் லியக் கன்சேங் விளையாடுவார்கள். பிள்ளைகள் வட்டமாக உட்கார, ஒருத்தி முறுக்கிய துண்டோடு வெளியே சுற்றி வந்து யாருக்கும் தெரியாமல் ஒருவர் முதுகுக்குப் பின்னால் போடுவாள். பூனை குதிகாலைக் கடிக்கிறது என்று போகும் பாட்டு எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஏற்கெனவே வாயில் இருக்கும் மெட்டிலிருந்து தொடங்கும்போது இது வேறு யாருடைய இசையோ என்ற எண்ணமே வராது.

2. ச்சிங். அந்தப் பாட்டுக்கே பிள்ளைகளை ச்சிங், ச்செப் என்று வாயால் சொல்லிக் கை தட்ட வைக்கலாம். ச்செப்புக்கு மூடிய கை, ச்சிங்குக்குத் திறந்த கை. முடிவில் கனம் விழும் தாளம் உடலில் ஏற இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ச்சிங் சிறியது, ஆறு வயதுக் கைக்கும் அடங்கும். குழுவில் அதுதான் காலத்தைக் காட்டுகிறது என்பதால், அதைப் பிடித்த பிள்ளை முதல் நாளிலிருந்தே உண்மையான பொறுப்பில் இருக்கிறது.

3. செலவில்லாத ஓசைகள். உதட்டில் இலையை வைத்து ஊதும் ஸ்லெக், மூங்கிலில் செய்த மோர்சிங்கான அங்குவோச், மூங்கில் புல்லாங்குழல் க்லோய். கிராமத்துப் பிள்ளை தன் ஊர்த் தாத்தாவிடமே இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடும்.

4. கிம். சீனாவிலிருந்து வந்து கெமர் இசையில் கலந்துவிட்ட கருவி. பல தந்திகளை மெல்லிய மூங்கில் கோல்களால் தட்டி வாசிப்பது. சுருதி முன்பே சேர்த்திருக்கும், தட்டியவுடன் இனிமையாக ஒலிக்கும், விரைவில் ஒரு முழு மெட்டு வந்துவிடும். தொடக்க மாணவர்களுக்கு இது ஏற்றது. ஆனால் அதைப் பியானோ சுருதிக்குச் சேர்த்துவிட்டால் முதல் புள்ளி அங்கேயே தோற்றுவிடும்.

5. ஒரே மெட்டு, இரண்டு கருவி. ஓரளவு பழகியதும் இருவரை எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவர் மெட்டை எளிமையாகவும் மற்றவர் நிரப்பியும் வாசிக்கச் சொல்ல வேண்டும். மூன்றாமவர் ச்சிங். கெமர் குழு இசை உண்மையில் இந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது. ஐம்பது பேர் ஒரே வரியை ஒரே மாதிரி வாசிக்கும் மேடை நிகழ்ச்சி பார்க்க அழகாக இருக்கும். இந்த இசையின் உயிர் அதில் இருக்காது.

6. பிறகு ரொநியத், கோங் வோங். கால் மடித்து நெடுநேரம் உட்காரும் பழக்கமும் இரு கைகளின் ஒத்திசைவும் வேண்டும். ஸ்ரலைக்கு மூச்சுப் பலம் தேவை, அது இன்னும் தள்ளிப் போகலாம். சபேய் தனி வழி: விரல் வேலையைவிடச் செய்யுளை நின்ற இடத்தில் கட்டும் திறம் அதில் பெரிது. பிள்ளைக்குக் கெமர் மொழியின் பழஞ்சொற்களும் யாப்பும் பழகியிருக்க வேண்டும். ஆகவே சபேய் ஆசையுள்ள சிறுவனுக்கு முதலில் கதையும் பாட்டும் நிறையக் காதில் விழட்டும்.

குருவணக்கம்: ஒதுக்கிவிடக் கூடாத பகுதி

கற்கத் தொடங்கும்போதும் நிகழ்ச்சிக்கு முன்பும் சம்பியா க்ரூ என்ற சடங்கு நடக்கும். வாழைத்தண்டில் செய்த அலங்காரம், ஊதுபத்தி, மெழுகுவத்தி, பழம் வைத்து, வாழும் ஆசிரியர்களையும் மறைந்த ஆசிரியர்களையும் கலைக்குரிய தெய்வங்களையும் வணங்குவார்கள். வியாழன் ஆசிரியருக்குரிய நாள். பின்பியத் மாணவர் முதலில் கற்கும் பாடல்களில் ஒன்றான சாதுகாரம் இந்த வணக்கத்துக்கு உரியது.

நேரம் குறைவு, பொதுப்பள்ளியில் பல மதத்துப் பிள்ளைகள் இருப்பார்கள் என்ற காரணங்களால் சில வகுப்புகள் இதை விட்டுவிடக்கூடும். தயக்கம் நியாயமானதுதான். கட்டாயப்படுத்தாமல், பார்த்து அறியும் வாய்ப்பாகவாவது இதை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எழுத்தில் இல்லாத இசையில், ஒரு பாடல் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற நினைவுதான் அதன் முகவரி. 1979க்குப் பிறகு அந்தச் சங்கிலியின் பல கண்ணிகளுக்குப் பெயர்கூட எஞ்சவில்லை என்னும்போது, எஞ்சிய பெயர்களை உரக்கச் சொல்லும் ஒரே நேரம் இந்தச் சடங்கு.

கற்ற பிறகு பிழைப்புக்கு வழி?

பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான், கேட்பதில் தவறும் இல்லை. முன்பு கிராமத்துக் கலைஞனின் வருமானம் திருமணங்களிலிருந்து வந்தது. மூன்று நாள் நடந்த கல்யாணம் இன்று பெரும்பாலும் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. முழுக் குழுவுக்குப் பதில் ஒரு மின்னணு கீபோர்டும் ஒலிபெருக்கியும் போதும் என்று பலர் முடிவு செய்துவிட்டார்கள். அங்கோர் கோயில்களுக்கு அருகிலுள்ள சியெம் ரீப் நகர விடுதிகளின் இரவு உணவு நிகழ்ச்சிகளில் வேலை உண்டு. அது சுற்றுலாவோடு ஏறி இறங்கும். கொரோனா காலத்தில் பயணிகள் வராதபோது அந்த மேடைகளும் இருண்டன.

ஆகவே பள்ளியில் இசை சொல்லித்தரும் வேலையே கலைஞர்களுக்கு ஒரு புதிய பிழைப்பாக வளர வேண்டியிருக்கிறது. மூத்த கலைஞர் ஆண்டுக்கு ஒருமுறை விருந்தினராக வந்து போவதற்கும் மாதச் சம்பளத்தில் வாரந்தோறும் வருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கெமர் மேஜிக் மியூசிக் பஸ் என்ற முயற்சி கலைஞர்களைப் பேருந்தில் ஏற்றிக் கிராமங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொண்டுபோகிறது. ஆர்வத்தைக் கிளப்ப அது நல்ல வழி. ஆனால் பேருந்து போன பிறகு அந்த ஊரில் யார் சொல்லிக்கொடுப்பார் என்பதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும்.

எந்த வடிவத்தைக் கற்பிப்பது?

கலைப்பள்ளிகள் மீட்டெடுத்த வடிவங்கள் பாடத்திட்டம் ஆகின்றன, தேர்வுக்கு உதவுகின்றன, யூடியூபிலும் அவையே அதிகம். ஊருக்கு ஊர் வேறுபட்ட வடிவங்கள் வயதான ஒரு சிலரின் விரல்களில் மட்டும் இருக்கின்றன. அமெரிக்காவின் லாங் பீச், லோவெல் நகரங்களில் வாழும் கம்போடியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெரியவரைத் தேடிப் போவது எளிதல்ல. அவர்கள் கற்பது பெரும்பாலும் கிடைத்த ஒரு வடிவத்தைத்தான்.

ஒரு வடிவத்தைப் பிழையின்றிக் கற்ற பிள்ளை அதைக் காப்பாற்றும். இரண்டு ஆசிரியர்களிடம் ஒரே பாடலை இரண்டு விதமாகக் கேட்ட பிள்ளைக்கு, இரண்டுக்கும் அடியில் இருக்கும் மெட்டு தானாகப் பிடிபடும்; மூன்றாவது விதமாக வாசிக்கும் துணிவும் வரும். எனவே பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் பாடல்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பாடலையும் குறைந்தது இரண்டு ஊர்க் கலைஞர்கள் வந்து வாசித்துக்காட்ட நேரம் ஒதுக்க வேண்டும்.